இடது கையால் வடை தின்றவன்

மெட்ராஸ் விமானம் கிளம்ப ஐம்பத்தைந்து நிமிஷம் இருந்தது. அதில் ஒரு கொலைகாரன் ஏறப்போகிறான் என்று ராஜையனுக்குத் தெரியும். அவன் முகம்தான் தெரியாது.

ஜீப் விமான நிலையத்து வாசலில் குலுங்கி நின்றது. கடற்காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. முன் சீட்டிலிருந்து ராஜையன் இறங்கினார். நாற்பத்தாறு வயது, கட்டை மீசை. போலீஸில் பதினாறு வருஷம் இருந்துவிட்டு உதறி வந்தவர். இப்போது தம்பானூரில் ஒரு லாட்ஜ் மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறார். பின்னாலேயே விஜயம் குதித்தாள். ஸ்ரீவராகத்து அக்ரஹாரத்துப் பெண். டைப் அடிக்கச் சேர்ந்தவள். மெஷினைவிட அவள் வாய்தான் வேகம் என்று தெரிந்ததும் ராஜையன் அவளை உதவியாளராக்கிக்கொண்டார்.

"பேர் தெரியாது, ஊர் தெரியாது, மூஞ்சி தெரியாது," என்றாள் விஜயம். "நேக்கு வரன் பார்த்தப்போகூட இதைவிட ஜாஸ்தி சொன்னா சார்."

"மதி, போதும் விஜயம். அந்தப் பிள்ளைய இறக்கு."

பின் சீட்டில் சுடலைமாடத்தி இருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. வலது கை முழங்கை வரை கட்டு. அந்தக் கட்டுக்குள் மூன்று விரல்கள்தான் இருந்தன.

ஜீப்பை ஓட்டி வந்தவர் வேல்சாமி. எஸ்டேட்டில் கங்காணி. சுடலைமாடத்தியின் புருஷன் லிங்கத்துக்குச் சின்ன வயதிலிருந்தே கூட்டாளி. மூன்று நாளாக ஆஸ்பத்திரி, சுடுகாடு என்று அவளுக்காக ஓடிக்கொண்டிருப்பவர். காலையில் அவளைத் தேடி ராஜையனின் ஆபீஸுக்கே வந்துவிட்டார். "எங்க போகணும்னாலும் என் ஜீப்புல போவோம்" என்று அவரே சொன்னார்.

சனிக்கிழமை சாயங்காலம் நடந்தது இது. வித்துராவுக்கு மேலே, மலைப்பாதையை ஒட்டிய தேயிலை எஸ்டேட்டின் கடைசி வீடு. லிங்கம் வாசலில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தான். முகத்தில் துண்டு கட்டிய ஒருவன் வேலி தாண்டி வந்தான். கையில் தேயிலைச் செடியின் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டும் கத்தி. முதல் வெட்டு கழுத்தில். இரண்டாவது வெட்டு தோள் எலும்பில் இறங்கி, கத்தி அங்கேயே மாட்டிக்கொண்டது.

அடுப்பில் பால் விடாத கட்டன்காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டு சுடலைமாடத்தி பாத்திரத்தோடு ஓடி வந்தாள். அவன் கத்தியை விட்டுவிட்டு, பாத்திரத்தைத் தட்டிவிட வலது கையை விரித்தான். விரித்த உள்ளங்கையில் அத்தனை காப்பியும் விழுந்தது. அவன் போட்ட அலறலில் பக்கத்து லயத்து வீடுகளின் நாய்கள் குரைத்தன. பிறகு இடது கையால் கத்தியைப் பிடுங்கி வீசினான். இடது கை என்பதால்தான் குறி தப்பியது. கழுத்துக்கு வந்த வெட்டு கையோடு போயிற்று. சுண்டுவிரலும் மோதிரவிரலும் முற்றத்தில் விழுந்தன. அவற்றைக் கோழி கொத்தாமல் காலால் மறைத்துக்கொண்டுதான் அவள் மயங்கி விழுந்தாள்.

ஏன் கொன்றான் என்று யாருக்கும் தெரியவில்லை. "திங்கக்கிழமை நெடுமங்காடு கோர்ட்டுக்குப் போயி ஒரு காரியம் சொல்லணும்" என்று மட்டும் லிங்கம் பெண்டாட்டியிடம் சொல்லியிருந்தான். என்ன காரியம் என்று கேட்டதற்கு, "நீ அறியாம இருக்கது நல்லது" என்றிருக்கிறான்.

வேலியோரம் கொலைகாரன் துண்டைப் போட்டுவிட்டு ஓடியிருந்தான். அதன் முடிச்சில் ஒரு துண்டுக் காகிதம். இன்றைய தேதி, மெட்ராஸ் விமானத்தின் நம்பர், புறப்படும் நேரம். வேறெதுவும் இல்லை. வித்துரா போலீஸ் அதைக் கண்ணில் காணுமுன், மயக்கம் தெளிந்த சுடலைமாடத்தி எடுத்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக பஸ் ஏறி ராஜையனிடம் வந்தாள்.

"எதுக்கு ப்ளேன்?" என்று வேல்சாமி கேட்டார், விசிட்டர் டிக்கெட் வாங்கும் வரிசையில் நின்றபடி. "வெட்டிட்டு ஓடுறவன் பஸ்ஸுல போகமாட்டானா?"

"பஸ் ஸ்டாண்டிலயும் ரயில்வே ஸ்டேஷனிலயும் போலீஸ் நிக்குது. ப்ளேன் ஏறுறவன எவனும் கூலிக்கு வெட்டுறவன்னு நினைக்கமாட்டான்," என்றார் ராஜையன்.

உள்ளே போனார்கள். வளைகுடாவுக்குப் போகிறவர்களை வழியனுப்ப வந்த கூட்டம் வேறு. கண்ணைத் துடைக்கும் அம்மாக்கள், கயிறு சுற்றிய பெட்டிகள். வலது கோடியில் செக்யூரிட்டி வாசல். அதைத் தாண்டிவிட்டால் விசிட்டர் டிக்கெட்டுக்கு மதிப்பில்லை. இடது பக்கம் சிற்றுண்டிக் கடை. எண்ணெயில் வாழைப்பழம் பொரியும் பழம்பொரி வாசனையும் காப்பி வாசனையும் கூட்டத்தை அங்கேதான் இழுத்தன.

விமான நிலையத்து எஸ்.ஐ., ராஜையனோடு ஒரே பேட்ச்சில் பயிற்சி எடுத்தவர். விஷயத்தைக் கேட்டுக் கையை விரித்தார்.

"ராஜையன் சாரே, எழுபது பாசெஞ்சர் உண்டு. எல்லாரையும் நிறுத்திச் சோதிக்கான் பற்றில்லா, முடியாது. ஆளைக் காட்டு, காரணம் சொல்லு. அடுத்த நிமிஷம் விலங்கு."

"பன்னிரண்டேகாலுக்கு செக்யூரிட்டி கூப்பிடுவாங்க, இல்லையா?"

"அதே. அதுக்குள்ள."

சுவர்க்கடிகாரம் பதினொன்று ஐம்பது காட்டியது. சுடலைமாடத்தியை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, ராஜையன் மற்ற இருவரையும் அருகில் அழைத்தார்.

"வேல்சாமி, இதுவரை உம்மகிட்ட சொல்லல. காப்பி அவன் மேல எங்க விழுந்துச்சுன்னு நான் ஒருத்தன்தான் இந்தப் பிள்ளைகிட்ட கேட்டேன். வெளியே சொல்லாதேன்னு சொல்லிவச்சேன். வலது உள்ளங்கை. மூணு நாள்ல ஆறாது. வலது கையை ஒளிக்கிற ஆளைத் தேடணும். நீரும் ரெண்டு கண்ணைத் திறந்து வச்சுக்கிடும்."

வேல்சாமியின் தாடை இறுகியது. "கண்டா அங்கேயே கொன்னுருவேன்."

"வேண்டாம். கண்டா எங்கிட்ட வாரும்."

அவர் கூட்டத்துக்குள் புகுந்தார். ராஜையனும் விஜயமும் சிற்றுண்டிக் கடைக்கு வந்தார்கள்.

"சார், பசிக்கறதா?"

"ப்ளேன் ஏறுறதுக்கு முந்தி எல்லாரும் வந்து நிக்கிற இடம் இதுதான். பெட்டியைத் தூக்க ஆள் வச்சுக்கலாம். வடையை அவனவன்தான் திங்கணும்."

கடையின் இந்தக் கோடியில் மாடம்மாள் நின்றாள். அம்பாசமுத்திரத்துக்காரி. பதினோரு வருஷமாக இதே கவுண்டரில் காப்பி ஆற்றுகிறவள். ராஜையன் இரண்டு காப்பி சொன்னார். நுரை பொங்கும் கண்ணாடி கிளாஸ்கள் வந்து உட்கார்ந்தன.

"யம்மா, இன்னைக்கு மெட்ராஸ் ப்ளேன் ஆளுக யாரையாவது நினைவிருக்கா?"

"மூஞ்சியெல்லாம் எவன் பாத்தான்? தட்டும் கிளாஸும்தான் எனக்குத் தெரியும்," என்றாள் மாடம்மாள். "அந்தா இருக்காரே சால்வை, அவருக்கு ரெண்டு பழம்பொரி. இந்தக் கண்ணாடிக்காரம்மாவுக்குச் சீனி இல்லாத சாயா."

"இடது கையால எவனாவது தின்னானா?"

மாடம்மாளின் கரண்டி நின்றது. "அதெப்படி உங்களுக்குத் தெரியும்? ஒருத்தன் தின்னான். கால் மணி நேரம் இருக்கும். ரெண்டு உளுந்துவடை. இடது கையாலேயே பிச்சு, இடது கையாலேயே சட்னி தொட்டு. எனக்கே ஒருமாதிரி ஆயிட்டு. வலது கைய பேன்ட் பைக்குள்ள விட்டவன் எடுக்கவே இல்ல."

"இடதுகைக்காரனா இருக்கப்படாதா?" என்றாள் விஜயம். "எங்க அத்திம்பேர்கூட இடதுகைதான். கையெழுத்து, கிரிக்கெட், அக்காவை அடிக்கக் கையோங்கறது, எல்லாம் இடதுதான்."

"சோறு?"

"சோறு வலது கைதான். இல்லேன்னா எங்காத்துல இலையை எடுத்துடுவா."

"வாட்ச்?"

"வலது மணிக்கட்டுல கட்டிப்பார்." சொல்லிவிட்டு விஜயம் நிமிர்ந்தாள். ராஜையன் மாடம்மாளைப் பார்த்தார்.

"இவன் இடது கையிலதான் கட்டியிருந்தான்," என்றாள் மாடம்மாள். "வடையப் பிய்க்கையில சட்னி பட்டு, வாட்ச முந்தானையில தொடைக்கவான்னு நானே கேலி பண்ணுனேன். சிரிக்கவே இல்ல, மூதேவி."

"வாட்சு கட்டுனதைப் பாத்தா வலதுகைக்காரன். வடை தின்னது இடது கையால," என்றார் ராஜையன் மெதுவாக. "அடையாளம் சொல்லு."

"நீலக்கோடு போட்ட முழுக்கைச் சட்டை. அட்டைப்பெட்டியில மடிச்ச மடிப்புகூடப் போகல. அவன் அந்தத் தூணு பக்கம்..." அவள் கை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

நீலக்கோட்டுச் சட்டைக்காரன் தூண் பக்கம் இல்லை. இதே கடையின் மறு கோடியில் நின்றுகொண்டிருந்தான். முப்பத்தைந்து வயது, எண்ணெய் வைத்து வாரிய தலை, புதுச் செருப்பு. அவன் முன்னால் ஆவி பறக்க ஒரு கிளாஸ் காப்பி. எல்லோருக்கும் தெரியும்படி அதை வலது கையால் எடுத்தான். வலது கையாலேயே உறிஞ்சினான். சிரித்தான்.

"அட பாவி, இப்ப வலது கையால குடிக்கானே!" என்றாள் மாடம்மாள்.

விஜயம் பெருமூச்சு விட்டாள். "போச்சு சார். உளுந்துவடை மாதிரிதான் நம்ம துப்பும். நடுவுல ஓட்டை."

ராஜையன் தன் முன்னால் இருந்த கிளாஸைக் காட்டினார்.

"இதை எடு."

விஜயம் எடுத்தாள். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் விளிம்பைப் பிடித்து, உடனே கீழே வைத்தாள். "அப்பா, சுடறது!"

"கடையில நிக்கிற பத்து பேரையும் பாரு. எப்படிப் பிடிச்சிருக்காங்க?"

எல்லோரும் விளிம்பில் இரண்டு விரலால்தான் பிடித்திருந்தார்கள். ஒருவர் கைக்குட்டை சுற்றியிருந்தார். நீலக்கோட்டுச் சட்டைக்காரன் மட்டும் கொதிக்கும் கிளாஸை உள்ளங்கை முழுதும் படிய இறுக்கிப் பிடித்திருந்தான். பிடித்துக்கொண்டே சிரித்தான். கழுத்து நரம்பு கயிறாய்ப் புடைத்திருந்தது. நெற்றி வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது.

"சார்," விஜயத்தின் குரல் இறங்கியது, "அவன் கண்ணுல ஜலம் வர்றது. மாடம்மா காப்பி அத்தனை மோசமாவா இருக்கு?"

"கை நல்லாயிருக்குன்னு ஊருக்குக் காட்டுறான். கை நல்லாயிருக்கிறவனுக்கு அதைக் காட்டத் தோணுமா?"

சொல்லி முடித்தபோதுதான் ராஜையனின் முகம் மாறியது. கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு ஐந்து. குனிந்து விஜயத்தின் காதில் நாலு வார்த்தை சொன்னார்.

விஜயம் முதல்முறையாகக் கேலி எதுவும் சொல்லவில்லை.  "சரி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போனாள்.

ராஜையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறு கோடிக்கு நடந்தார்.

"சார் மெட்ராஸுக்கா?"

"ஆமா." சட்டைக்காரன் கிளாஸைக் கீழே வைக்கவில்லை.

"நான் வித்துராப் பக்கம். உங்களை எங்கேயோ பாத்த மாதிரி இருக்கு."

"ஆள் மாறிப்போச்சு. நான் அந்தப் பக்கம் வந்ததில்ல."

"அப்படியா? மன்னிக்கணும். போகட்டும், இப்ப பாத்தாச்சே." ராஜையன் சிரித்தபடி கையை நீட்டினார்.

சட்டைக்காரன் அந்தக் கையைப் பார்த்தான். கிளாஸைப் பார்த்தான். கொடுக்காவிட்டால் சந்தேகம். கிளாஸை இடது கைக்கு மாற்றிவிட்டு வலது கையைக் கொடுத்தான். ராஜையன் பிடித்தார். பிசுபிசுவென்று தோல் வழுக்கியது. அவர் விடவில்லை. இறுக்கினார்.

சட்டைக்காரன் பல்லைக் கடித்தான். ராஜையன் இன்னும் இறுக்கிக் கையைத் திருகினார். தோல் கழன்று வந்தது.

அவன் அலறினான்.

விமான நிலையம் முழுக்க அந்த அலறல் போயிற்று. கோடியில் நாற்காலியில் குனிந்திருந்த சுடலைமாடத்தி சவுக்கால் அடித்ததுபோல் எழுந்தாள்.

"அந்தச் சத்தம்!" என்று கூவினாள். "அண்ணாச்சி, அவன்தான்! அந்தச் சத்தம்தான்!"

சட்டைக்காரன் இடது கைக் காப்பியை ராஜையன் முகத்தில் வீசினான். அவர் முகத்தைத் திருப்பினார். காதும் கழுத்தும் வெந்தன. அவன் கிளாஸைக் கவுண்டர் விளிம்பில் உடைத்து, உடைந்த பாதியால் குத்தினான். அது ராஜையனின் கன்னத்தில் ஆழமாய் ஒரு கோடு இழுத்தது. ரத்தம் சட்டைக் காலரில் இறங்கியது. ராஜையன் அவன் இடுப்பைக் கட்டிக் கவுண்டர் மேல் சாய்த்தார். தட்டுகள் சரிந்தன. அவன் முழங்காலால் அவர் வயிற்றில் மோதினான். மூச்சு நின்று அவர் மண்டியிட்டார். கண்ணாடி மறுபடி ஓங்கியது.

ஓங்கிய கை மேல் மாடம்மாள் எண்ணெய்ச் சட்டியிலிருந்த ஜல்லிக்கரண்டியைப் போட்டாள். எலும்பில் இரும்பு மோதும் சத்தம். கண்ணாடி எகிறிப் போயிற்று. ராஜையன் அவன் காலை வாரினார். பின்மண்டை சிமென்ட் தரையில் மோதி, அவன் மல்லாந்து விழுந்தான். அவர் மேலே ஏறி உட்கார்ந்தார்.

"பேரு சொல்லு!"

"சுயம்பு... அய்யோ, கைய விடு... சுயம்பு."

"யாரு அனுப்பினது?"

சுயம்பு வாயைத் திறந்தான். அப்போது கூட்டம் பிளந்தது.

"என் லிங்கத்தைக் கொன்ன நாயே!"

வேல்சாமி பாய்ந்து வந்தார். கையில் விரித்த மடக்குக்கத்தி. கண்கள் சிவந்திருந்தன. ராஜையனை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, சுயம்புவின் நெஞ்சை நோக்கிக் கத்தியை இறக்கினார். அதே கணம் விஜயம் பின்னாலிருந்து அவர் சட்டையை இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள். சட்டை கிழிந்தது. கத்தி நெஞ்சுக்குப் பதில் விலாவில் இறங்கியது. வேல்சாமி உருவி மறுபடி ஓங்கினார். ராஜையன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

விசில் ஊதிக்கொண்டு எஸ்.ஐ.யும் இரண்டு கான்ஸ்டபிள்களும் வந்து வேல்சாமியை விலக்கி நிறுத்தினார்கள். கீழே சுயம்பு விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். காப்பியும் ரத்தமும் கலந்து தரையில் ஓடின. பழம்பொரி ஒன்று அதில் ஊறிக்கொண்டிருந்தது.

சுடலைமாடத்தி ஓடி வந்து வேல்சாமியின் காலில் விழுந்தாள். "அண்ணே! எனக்காவ கத்தி எடுத்தியே அண்ணே! கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டானே!"

வேல்சாமி மூச்சு வாங்க அவள் தலையில் கை வைத்தார். கூட்டத்தில் யாரோ கண்ணைத் துடைத்தார்கள்.

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "ஆத்திரத்தில செஞ்சதுதானே. நான் எழுதும்போ பார்த்துக்கொள்ளாம். கத்தியைத் தா, வேல்சாமி."

"தரச் சொல்லுங்க," என்றார் ராஜையன். அவர் சுயம்புவின் விலாவில் துண்டை அழுத்திக்கொண்டிருந்தார். கன்னத்து ரத்தம் அந்தத் துண்டின் மேல் சொட்டியது. "ஆனா ஆத்திரத்துல செஞ்சதுன்னு எழுதாதீங்க."

"பின்னே?"

"இவன் பதினொன்னே முக்காலுக்கு இடது கையால வடை தின்னுக்கிட்டிருந்தான். பன்னிரண்டு அடிக்கும்போது வலது கையால காப்பி குடிக்கிறான். நாங்க அவனை இன்னும் பாக்கவேயில்ல. வலது கையைத்தான் தேடுறோம்னு அவனுக்கு யார் போய்ச் சொன்னா?"

எஸ்.ஐ. தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அது தெரிஞ்சது நாலு பேருக்கு. நானும் விஜயமும் காப்பிக் கடையில நின்னோம். இந்தப் பிள்ளை நாற்காலியை விட்டு எழும்பல. நாலாவது ஆளுக்கு நான் சொல்லிப் பத்து நிமிஷத்துக்குள்ள இவன் கை மாறியிருக்கு."

"அவரைப் பிடிச்சுக்கோன்னு சார் என் காதுல சொன்னார்," என்றாள் விஜயம். அவள் கையில் வேல்சாமியின் சட்டைத் துண்டு இன்னும் இருந்தது. "நெஞ்சுக்கு ஓங்கினார். இவன் வாயைத் திறக்கறதுக்குள்ள மூடணும்னு ஓங்கினார்."

வேல்சாமி சிரித்தார். "கிறுக்குப் பிடிச்சிருக்கா உங்களுக்கு? லிங்கத்தத் தூக்கிக் கொள்ளி வைக்க ஆள் கூட்டினது நான்."

தரையிலிருந்து ஒரு குரல் வந்தது. சுயம்பு வேல்சாமியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாயோரம் ரத்தம் நுரைத்தது.

"கக்கூசுல வந்து... கைக்கட்டை அவுத்துரு, வலது கையால காப்பி குடி, உன்ன விட்டுருவாங்கன்னு சொன்னியே அண்ணாச்சி..." அவனுக்கு மூச்சு இரைத்தது. "ப்ளேன்ல ஏத்திவிடுதேன்னு சொன்னியே. இப்ப கத்தியல்லவா எடுத்திருக்க."

சுடலைமாடத்தி இன்னும் வேல்சாமியின் காலடியில்தான் இருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். பார்த்த அதே நொடியில் அவர் அவள் கொண்டையைப் பற்றித் தூக்கினார். கத்தி அவள் தொண்டையில் ஏறியது.

"எவனாவது கிட்ட வந்தா அறுத்துருவேன்! வழி விடு!"

கூட்டம் அலறிக்கொண்டு சிதறியது. எஸ்.ஐ.யின் கை துப்பாக்கி உறையில் நின்றது. வேல்சாமி அவளை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். ஒரு காலடி, இரண்டு காலடி. கத்தி முனையில் சிவப்பாய் ஒரு பொட்டு தோன்றிக் கீழே வழிந்தது.

சுடலைமாடத்தி திமிறவில்லை. அழவும் இல்லை.

"ஏம்ணே?" என்றாள்.

"பேசாத."

"கொன்னுக்கோ. அதுக்கு முந்தி சொல்லு. அவிய உனக்கு என்ன செஞ்சாவ? ஒரே தட்டுல தின்னீங்களே."

வேல்சாமி அவள் கொண்டையை இன்னும் இறுக்கினார். "அவன் பாத்திருக்கக் கூடாது. ஓடைப் பக்கம் அந்நேரத்துக்கு அவன் ஏன் வந்தான்? கூட்டாளிதானே, கண்ணை மூடிக்கிட்டுப் போயிருக்கலாம்லா? கோர்ட்டுக்குப் போவேன்னு எங்கிட்டயே வந்து சொல்லுதான். நீயே வந்து ஒத்துக்கோன்னு எனக்கு ரெண்டு நாள் தவணை குடுக்கான்!"

"ஓடையில என்ன?"

அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை. போன மாதம் எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளும் பெண் ஒருத்தி ஓடைக்குள் கிடந்தாள். பெயர் பேச்சி. வயது பதினெட்டு. பாறையில் கால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று எல்லோரையும் கூட்டி வந்து முதலில் சொன்னவர் கங்காணி வேல்சாமிதான்.

"பேச்சியா?" என்றாள் சுடலைமாடத்தி. "அந்தப் பிள்ளையவா அண்ணே?"

அவர் பிடி ஒரு இழை தளர்ந்தது. அவ்வளவு போதுமாயிருந்தது. சுடலைமாடத்தி கட்டுப் போட்ட கையை, மூன்று விரல் கையை, தலைக்கு மேலாகப் பின்னால் வீசி அவர் கண்ணில் குத்தினாள். தையல் பிரிந்து அவள் ரத்தமே அவர் முகத்தில் தெறித்தது. அவர் ஊளையிட்டுக்கொண்டு கத்தியோடு கையை உயர்த்தினார். ராஜையன் பாய்ந்து அந்தக் கையைத் தன் முழங்காலில் வைத்து முறித்தார். கான்ஸ்டபிள்களின் லத்தி முதுகிலும் முட்டியிலும் விழுந்தது. வேல்சாமி குப்புற விழுந்தார். அப்புறமும் சுடலைமாடத்தி நிறுத்தவில்லை. அவர் மேல் ஏறி உட்கார்ந்து, நல்ல கையால் அவர் தலைமுடியைப் பிடித்துத் தரையில் மோதினாள். ஒன்று, இரண்டு, மூன்று. பல் தெறித்து விழுந்தது. நான்காவதுக்கு ராஜையன் அவள் தோளைப் பிடித்தார்.

"மதி, பிள்ளே. அவன் உசுரோட வேணும். கோர்ட்டுல அவன் வாயால சொல்லணும்."

அவள் கை நின்றது. 

மெட்ராஸ் பயணிகள் செக்யூரிட்டிக்கு வரவேண்டும் என்று ஒலிபெருக்கி மூன்று மொழியில் சொல்லியது. ஜனங்கள் ரத்தத்தைத் தாண்டிக் கால் வைத்து வரிசையில் போனார்கள். ஸ்ட்ரெச்சர் வந்து சுயம்புவைத் தூக்கியது. பிழைப்பான் என்றார் கூட வந்த கம்பவுண்டர். அப்ரூவராகிறேன் என்று அவனாகவே எஸ்.ஐ.யின் கையைப் பிடித்துக் கெஞ்சிக்கொண்டு போனான். வேல்சாமியை விலங்கு மாட்டி இழுத்துப் போனார்கள்.

மாடம்மாள் கடையை விட்டு வெளியே வந்து, தன் முந்தானையைக் கிழித்து சுடலைமாடத்தியின் கையில் சுற்றினாள். விஜயம் தன் கைக்குட்டையை ராஜையனின் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். 

"ஒரு செகண்ட் முன்னாடி பிடிச்சிருக்கணும் சார். சட்டை கிழிஞ்சுடுத்து."

"நீ பிடிச்சதாலதான் சாட்சி உசுரோட இருக்கான்."

"அடுத்த தடவை கெட்டித் துணியில சட்டை போட்ட கொலைகாரனாப் பாருங்கோ," என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

எஸ்.ஐ. வந்து நின்றார். "அவங்களை மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோகணும். தையல் முழுசும் விட்டுப்போச்சு. ஸ்டேட்மென்ட் சாவகாசமா எடுத்துக்கலாம்."

சுடலைமாடத்தி தலையசைத்தாள். எழுந்து நின்றாள். கழுத்தில் கத்தி கீறிய இடத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தையல் போட்டதும் எனக்கு வித்துரா பஸ் கிடைக்குமா, அண்ணாச்சி?"

"இன்னைக்கு வேண்டாம் பிள்ளே. ரெண்டு நாள் இங்க இரு. விஜயம் வீட்டுல இடம் உண்டு."

"இல்ல, போவணும்," என்றாள் சுடலைமாடத்தி. "போலீஸு போயி ஊருக்குள்ள சொல்லுறதுக்கு முந்தி நான் போயி பேச்சியோட அம்மாவப் பாக்கணும். மக வழுக்கி விழுந்துட்டான்னு நெனச்சு அவ தினமும் ஓடைக்கு வாரா. அந்தப் பாறையில ஏறி நின்னு, மண்ணை வாரி வாரித் தூத்திப் பாறைய ஏசுதா. பாறை என்ன செய்யும்னு அவகிட்ட யாராவது சொல்லணும்லா."